ஹைட்ராவை வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி நெருங்குகிறது. ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. பந்தல், மைக்செட், வாணவேடிக்கை என்ற வரிசையில் இப்போது கிரேனும் சேர்ந்துகொண்டது. சாமிக்கு மாலை சாத்த ஒரு கிரேன், பறவைக் காவடிக்கு ஒரு கிரேன், தலைவர் யாராவது வந்தால் ராட்சத ஆப்பிள் மாலையைத் தொங்கவிட இன்னொரு கிரேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே வகை வண்டிதான்: சுமையைத் தொங்கவிட்டபடியே உருண்டு போகக்கூடிய ‘ஹைட்ரா’. ஒரு கம்பெனி தன் வண்டிக்கு வைத்த பெயர் அது. வனஸ்பதியெல்லாம் டால்டா ஆனதுபோல, இப்போது யார் செய்த வண்டியும் ஹைட்ராதான்.

2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி மண்டியம்மன் கோயில் விழாவில் கிரேன் சாய்ந்து நால்வர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் தொங்கியவர்கள் சாமிக்கு மாலை சாத்த ஏறிய பக்தர்கள். ஏறியவர்களின் எடை எல்லாம் சேர்த்து ஒரு டன்னாவது வருமா? டன் கணக்கில் தூக்கும் வண்டி அதற்கே சாயுமா என்று இன்றும் விழாக் கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். சாயும். எந்த ஹைட்ராவும் சாயும். அது ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

சுமையைத் தூக்கும் நீண்ட இரும்புக் கைக்குப் பூம் என்று பெயர். அதன் பக்கவாட்டில் பெரிதாக ‘14’ என்று எழுதியிருக்கும். வாடகைக்கு எடுப்பவர் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். “நம்ம சாமான் மூணு டன்தான், வண்டி பதினாலு டன்” என்று நிம்மதியாகிவிடுகிறார். அந்த 14 டன், பூமை முழுக்க உள்ளே இழுத்து, சுமையை முன்டயருக்கு ஒட்டினாற்போல் வைத்துத் தூக்கும்போது மட்டும் செல்லும். சுமை வெளியே போகப் போக அது கரைந்துகொண்டே வரும். கிணற்றடி ஏற்றம் மாதிரிதான். முன் அச்சுதான் தாங்குகோல். அதற்குப் பின்னால் வண்டியின் எடை, முன்னால் சுமை. கணக்குக்காக, ஒரு வண்டி முன் அச்சிலிருந்து 1.5 மீட்டரில் 14 டன் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 21. அந்த 21-ஐத் தூரத்தால் வகுத்தால் 3 மீட்டரில் 7 டன், 6 மீட்டரில் 3.5 டன், 10 மீட்டரில் 2.1 டன். எந்தத் தூரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று கம்பெனி தரும் அட்டவணைதான் லோடு சார்ட். உண்மையான சார்ட்டில் தூரம் கூடும்போது பெரும்பாலும் இதைவிடவும் குறைவாக இருக்கும். பூமை நீட்டும்போது பூமின் சொந்த எடையும் சேர்ந்து முன்னால் போகிறதே.

2 டன் ஜெனரேட்டர் ஒன்றைக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று வையுங்கள். ஹூக் பிளாக் (கொக்கித் தொகுதி), சுமையைக் கட்டும் பெல்ட், ஷேக்கிள் (மாட்டும் இரும்பு வளையம்) எல்லாம் சுமைக் கணக்கில்தான் வரும், சேர்த்தால் 2.25 டன். சாக்கடை, சுவர், உள்ளே மேடை எல்லாம் கூட்டி 6 மீட்டர் என்றால் மேற்சொன்ன வண்டிக்கு அது முடிகிற வேலை. மேடை இன்னும் 4 மீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் அதே வண்டிக்கு அதே ஜெனரேட்டர் முடியாத வேலை. டன் மாறவில்லை, தூரம்தான் மாறியது. அந்தத் தூரத்தைச் சில கம்பெனிகள் முன் அச்சின் மையத்திலிருந்து அளக்கின்றன, சில டயரின் முன்விளிம்பிலிருந்து. சார்ட்டில் எது என்று பார்க்காமல் டேப் பிடித்துப் பயனில்லை.

இதுவரை சொன்னது முன்பக்கம் கவிழ்வது. அதில் ஒரு வசதி உண்டு: பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஆப்ரேட்டருக்கு ஒரு நொடியாவது தெரியும். அந்த எச்சரிக்கையையும் நம் ஆட்கள் கெடுத்துவிடுகிறார்கள். பின்பக்கம் எழும்பினால் நாலு பேரை ஏற்றி நிற்கவைப்பதைப் பார்க்காத சைட் கிடையாது. இன்னும் ‘கெட்டிக்கார’ முதலாளிகள் பின்னால் இரும்புப் பிளேட்டை வெல்டு வைத்துவிடுவார்கள். வண்டி கவிழாமல் நிற்கும்தான். ஆனால் பூம், பூமைத் தூக்கும் சிலிண்டர், முன் அச்சு எல்லாம் கம்பெனி கணக்குப் போட்ட சுமையைத் தாண்டித் தாங்க வேண்டும். கவிழ்கிற வண்டியாவது கொஞ்சம் சொல்லிவிட்டுக் கவிழும். முறிகிற பூம் சொல்லாது. தவிர, பின்சக்கரத்தால் திரும்பும் வண்டிகளில் பின்பக்கம் லேசானாலே ஸ்டியரிங் பிடி போய்விடும். கவிழ்வதற்கு வெகுமுன்பே வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

திருவிழாவில் நடப்பது பக்கவாட்டில் கவிழ்வது. பெரும்பாலான சார்ட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. ‘கெட்டியான, மட்டமான தரை’ என்று ஒரு வரியில் நிபந்தனை போட்டு முடித்துவிடுவார்கள். முன்டயர்களுக்கு இடையே 2 மீட்டர் அகலம், பூம் முனை 10 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க டயர் 20 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால் சாய்வு பத்துக்கு ஒன்று. உச்சியில் அது 1 மீட்டர். வண்டியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே இருந்த பூம் முனை, டயரின் மேலேயே வந்து நிற்கிறது. அறுவடை முடிந்த வயலிலோ தேர் போகும் மண் தெருவிலோ 20 சென்டிமீட்டர் பள்ளம் ஒரு பெரிய விஷயமா? இதோடு வண்டி நகர்கிறது, தொங்குபவர்கள் ஆடுகிறார்கள், கீழே கூட்டம் வழிவிடாததால் ஆப்ரேட்டர் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டுகிறார். எடை எவ்வளவு என்பதே இங்கே கேள்வி இல்லை. பூமின் சொந்த எடையே போதும்.

பல வண்டிகளில் பின் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல்போல ஆடும்படி மாட்டப்பட்டிருக்கும், மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொடுவதற்காக. அதனால் பக்கவாட்டுச் சாய்வைத் தொடக்கத்தில் தடுப்பது முன்டயர்கள் மட்டும்தான். நான்கு கால் நாற்காலி என்று நினைத்து உட்காருகிறோம், அது முக்காலி. நடுவில் மடங்கித் திரும்பும் வண்டிகளில் இன்னொரு சங்கதி. வண்டி மடங்கியவுடன் பூம் பின்பாதியின் நேர்க்கோட்டை விட்டு விலகிவிடும். நேராக நின்று அலுங்காமல் தூக்கிய சுமை, திருப்பத்தில் வண்டியைச் சாய்த்துவிடும். சார்ட்டில் மடங்கிய நிலைக்குத் தனிக் கட்டம் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சுமையோடு ஒடித்துத் திருப்பவே கூடாது.

ஆளைத் தூக்க இந்த வண்டி செய்யப்படவில்லை என்பதை விழாக் கமிட்டிகளும் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பக்தியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கட்டுமானத் துறையில் தவிர்க்கவே முடியாமல் கிரேனில் ஆளை ஏற்றினால், அதற்கென்று செய்த கூண்டு வேண்டும், மொத்த எடை சார்ட்டில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வெளிநாட்டு விதிகள் சொல்கின்றன. இங்கே நாம் ஹூக்கில் நேரடியாகக் கட்டித் தொங்கவிட்டு ஊர்வலம் போகிறோம். மாலை சாத்தத்தான் வேண்டும் என்றால், ஆளைத் தூக்கவென்றே செய்த மேன்லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கிறது. மட்டமான தரையில் நிறுத்தி, முழு உடல் பாதுகாப்புப் பட்டை (ஹார்னஸ்) மாட்டி ஏறலாம். இல்லையென்றால் நம் ஊர்ச் சாரம் கட்டுகிறவர் இரண்டு மணி நேரத்தில் மேடை கட்டித் தருவார்.

இனி வீடு, ஷெட், பட்டறை வேலைகளுக்கு வருவோம். அங்கேதான் தினமும் நூற்றுக்கணக்கான ஹைட்ராக்கள் ஓடுகின்றன.

முதலில் எடை. “ரெண்டு டன் இருக்கும்” என்கிற மேஸ்திரி வாக்கு போதாது. கணக்குப் போடுவது சிரமமில்லை. கான்கிரீட் கன மீட்டருக்கு 2.5 டன், 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள ஸ்லாப் 2.25 டன். இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. கம்பி, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எல்லாக் கம்பி கட்டுநருக்கும் தெரியும்: 16 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 19 கிலோ. கிரானைட் கன மீட்டருக்கு 2.7 டன், கருங்கல்லில் சில வகை 3 டன் வரை போகும். 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள ஒரு கல் 14.5 டன்னைத் தாண்டுகிறது. கல் பட்டறையில் ‘14 டன்’ வண்டியால் அதை அசைத்தே பார்க்கக்கூடாது.

எடை தெரியாத சுமை ஒன்று உண்டு: எதிலாவது சிக்கியிருக்கும் சுமை. போர்வெல்லில் மாட்டிக்கொண்ட பைப், மண்ணில் புதைந்த மின்கம்பம், தென்னைமரத்தூர், பள்ளத்தில் கவிழ்ந்த லாரி. ஹூக்கை மாட்டி இழுக்கும்போது மண்ணின் பிடிப்பும் சேர்ந்து எடையாகிறது. அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று விட்டுவிட்டால் பூம் பின்னால் துள்ளும். இழுக்கிற வேலைக்கு ஹைட்ரா இல்லை. ஹூக் எப்போதும் சுமையின் நேர்மேலே இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பூமைப் பக்கவாட்டில் வளைக்கிறோம். அந்தத் திசைக்கு அதில் பலம் குறைவு.

பெல்ட்டில் நிறமே எடையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. அது நேராகத் தொங்கவிட்டால் மட்டும். சுருக்குப் போட்டால் 80 சதவீதம்தான். இரண்டு பெல்ட்டை ஒரு ஹூக்கில் விரித்து மாட்டும்போது கோணம் பார்க்க வேண்டும். 4 டன் சுமையை, பெல்ட் கிடைமட்டத்தோடு 60 டிகிரி இருக்கும்படி தூக்கினால் ஒவ்வொரு பெல்ட்டும் 2.3 டன் தாங்கும். 45 டிகிரியில் 2.8 டன். 30 டிகிரியில் ஒவ்வொன்றும் முழு 4 டன்னையும் தாங்க வேண்டும். உயரம் பற்றவில்லை என்று பெல்ட்டைக் கட்டையாக மாட்டும்போது நடப்பது இதுதான். லேபிள் கிழிந்த பெல்ட், கூர்முனையில் அறுபட்ட பெல்ட், முடிச்சுப் போட்ட பெல்ட் மூன்றும் குப்பைக்கு. இரும்பின் விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டைக் கொடுப்பது பைசா செலவில்லாத வேலை. அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

தூக்கினவுடன் கிளம்பக்கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சுமை ஒரு பக்கம் சரிகிறதா, பின்டயர் அமுக்கம் குறைகிறதா என்பதோடு, பூம் தானாக மெல்ல இறங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இறங்கினால் பூம் சிலிண்டரின் லாக் வால்வோ சீலோ கசிகிறது என்று அர்த்தம். அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நகரும்போது சுமை தரையிலிருந்து முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது. பூம் உள்ளே இழுத்து, தாழ்த்தி இருக்க வேண்டும். மனிதர் நடக்கிற வேகம் போதும். 4 மீட்டர் கயிற்றில் தொங்கும் சுமை பிரேக் போட்டவுடன் 10 டிகிரி முன்னால் ஆடினால் 70 சென்டிமீட்டர் வெளியே போகிறது. 3 மீட்டரில் 7 டன் என்று நினைத்துத் தூக்கியது 3.7 மீட்டர் ஆகிறது. நம் கணக்குப்படி அங்கே அனுமதி 5.7 டன்தான். சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி.

டயர் காற்றை யாரும் கிரேனின் பாகமாக நினைப்பதே இல்லை. ஒரு பக்கம் காற்றுக் குறைந்து 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், 8 மீட்டர் உயரத்தில் பூம் 20 சென்டிமீட்டர் ஒதுங்கிவிடும். தரையும் அப்படியே. 13 டன் வண்டி 7 டன் சுமையை எல்லை வரை தூக்கினால், கிட்டத்தட்ட மொத்த 20 டன்னும் முன்டயர்களின் கீழேதான் இறங்கும். செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை ஸ்லாப், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு எல்லாம் மேலே பார்க்க நல்ல தரைதான். குழி ஓரத்தில் நிற்க வேண்டுமென்றால், குழி எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி டயர் இருக்கட்டும்.

உண்மையில் ஹைட்ராவிடம் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஹெல்பர். சுமை ஆடாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னாலேயே பின்னோக்கி நடப்பார். பழைய மாடல்களில் ஆப்ரேட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார். பூமும் சுமையும் சேர்ந்து முன்னால் இருப்பவரை முழுக்க மறைத்துவிடும். ஹெல்பர் கல் தடுக்கி விழுந்தால், டயர் மேலே ஏறிய பிறகுதான் ஆப்ரேட்டருக்குத் தெரியும். கேபின் முன்னால் உள்ள புது மாடல்கள் இதற்காகவே நல்லவை. எந்த மாடலானாலும் சுமையில் கையே வைக்கக்கூடாது. இரண்டு மூலையில் 5 மீட்டர் கயிறு கட்டி, இரண்டு பேர் பக்கவாட்டில் விலகி நடக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. சைகை காட்டுவது ஒருவர் மட்டும். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் ஆளுக்கொரு பக்கம் கை ஆட்டினால் ஆப்ரேட்டர் இன்ஜினை நிறுத்திவிடுவதுதான் முறை.

வண்டி வந்து நின்றதும் பூம் முனையைப் பாருங்கள். ஹூக் பிளாக்குக்கு மேலே ஒரு சின்ன எடை சங்கிலியில் தொங்கிக்கொண்டு, அது மேலே ஒரு சுவிட்சோடு சேர்ந்திருக்க வேண்டும். பூமை நீட்டும்போது கயிற்றைக் கூடவே விடாவிட்டால் ஹூக் தானாக மேலேறிப் பூம் முனையில் இடித்துக் கயிறு அறுந்துவிடும். அதைத் தடுக்கிற சுவிட்ச் அது. பல வண்டிகளில் எடை காணாமல் போயிருக்கும், சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்திருப்பார்கள். கேபினுக்குள் சுமை காட்டும் மீட்டருக்கும் அதே கதி. “சும்மா கத்துதுங்க” என்று வயரைப் பிடுங்கிவிடுவார்கள். ஹூக்கின் நாக்கு ஸ்பிரிங்கோடு மூடுகிறதா, கையால் இழுத்து நீட்டும் கடைசிப் பூம் துண்டில் ஒரிஜினல் பின் இருக்கிறதா, இல்லை வெட்டின கம்பியைச் சொருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அவை ரோட்டில் ஓடுவதற்கான காகிதம், தூக்குவதற்கானது அல்ல. தூக்கும் இயந்திரத்தை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதிபெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுமை வைத்துச் சோதிப்பதும் இடம்பெற்றிருந்தது. 20 டன் வரையான கருவிக்கு 25 சதவீதம் கூடுதல் எடை. இந்த 25 சதவீதத்தைத்தான் சில முதலாளிகள், “சர்டிபிகேட்லயே பதினேழரை டன் தூக்கிக் காட்டியிருக்கோம்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிறுத்தி வைத்து, மட்டத் தரையில், வல்லுநர் கண்முன் ஒருமுறை தூக்கிய சோதனை அது. தினமும் தூக்க அனுமதி அல்ல.

மின்கம்பி விஷயத்தில் பேரமே கிடையாது. 11,000 வோல்ட் கம்பிக்குக் குறைந்தது 3 மீட்டர் விலக வேண்டும். ஆடுகிற பூமுக்கு நாங்கள் சொல்வது 5. அந்த இடம் இல்லையென்றால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லைனை நிறுத்திவிட்டுத்தான் வேலை. மீறிப் பட்டுவிட்டால் ஆப்ரேட்டர் இறங்கக்கூடாது, மற்றவர்கள் ஓடாமல், பாதங்களைத் தரையில் தேய்த்தபடி 10 மீட்டருக்கு அப்பால் விலகிவிட வேண்டும், சுமையையோ கயிற்றையோ யாரும் தொடக்கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

வாடகைக்குப் போன் செய்யும்போது “பதினாலு டன் ஹைட்ரா ஒண்ணு அனுப்புங்க” என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சாமான் ரெண்டே கால் டன், டயர்ல இருந்து ஆறு மீட்டர், பூம் எட்டு மீட்டர் உயரம் போகணும், இருபது மீட்டர் தூக்கிட்டு நடக்கணும், தரை மண்ணு. சார்ட்டைப் பார்த்துட்டு எந்த வண்டின்னு சொல்லுங்க. வர்றப்போ சார்ட்டும் டெஸ்ட் சர்டிபிகேட்டும் கேபின்ல இருக்கட்டும்.” மறுமுனையில் “சார்ட்டா?” என்று திருப்பிக் கேட்டால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
சுமை தூக்கும் பணியில் உள்ள ரிக்கர்களும் (சுமையைக் கட்டி மாட்டுபவர்கள்) ஆப்ரேட்டர்களும் சிலர்,
அம்பத்தூர், சென்னை.